மலைமேல் ஒரு கணிப்பொறி: வாங்குவதா, பொருத்துவதா?

மழை ஓய்ந்த ஒரு மாலையில், தேவிகுளத்தை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில், ஒரு குடும்ப ஆலோசனையில் கலந்துகொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பெண் பார்ப்பதோ, நிலம் வாங்குவதோ அன்று பேசப்பட்ட பொருள் அன்று. ஒரு கணிப்பொறி வாங்குவதே பொருள். அதுவும் கடிதம் தட்டவும் கணக்குப் போடவும் பயன்படும் எளிய கணிப்பொறியன்று; உயர்தர விளையாட்டுகளை ஓட்டவல்ல, விலை மிகுந்த கணிப்பொறி. பட்டப் படிப்பை முடித்திருந்த இளைய மகன், விளையாட்டோடு முப்பரிமாணச் சித்திரங்கள் இயற்றும் கலையையும் பயில விரும்பினான். அவ்விரண்டிற்கும் வேண்டிய யந்திரம் ஒன்றே என்பதை அன்னைக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அந்த அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து அண்மையில் ஓய்வு பெற்றவர். கைக்கு வந்திருந்தது கிராஜுவிட்டித் தொகை. தோட்டத்து வாழ்க்கையை அறிந்த அன்பர்களுக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டுவதில்லை. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் ஒரு நாள் காலி செய்தாக வேண்டும். ஆகவே அத்தொகை சேமிப்பு மட்டுமன்று, நாளைய கூரையின் ஒரு பகுதியுமாகும். 2015-ஆம் ஆண்டு மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் சாலைக்கு வந்து போராடியபோது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்தின் பயனாக அது 301 ரூபாய் ஆயிற்று. அந்த உயர்ந்த கூலியைக் கொண்டு பார்த்தாலும், ஒரு லட்ச ரூபாய் யந்திரம் என்பது 332 நாள் கொழுந்து. இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டே நாம் பேசத் தொடங்கினோம்.

கடைத்தெருவில் இருவகைக் கணிப்பொறிகள் உண்டு. ஒரு நிறுவனம் தன் பெயரைப் பொறித்து, எல்லாப் பாகங்களையும் பொருத்தி, இயக்கிப் பார்த்து, பெட்டியிலிட்டு விற்பது ஒன்று. இதனைப் ‘பிராண்டட்’ என்பர். பாகங்களைத் தனித்தனியே வாங்கி நாமே பொருத்திக்கொள்வதோ, கடைக்காரரைக் கொண்டு பொருத்திக்கொள்வதோ மற்றொன்று, இது ‘அசெம்பிள்டு’. நம் நேயர்களில் மூத்தவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. மர்பி, பிலிப்ஸ் என்று பெயர் பெற்ற ரேடியோப் பெட்டிகள் ஒரு புறமும், உள்ளூர் மெக்கானிக் வால்வுகளையும் சுருள்களையும் சேர்த்து மரப்பெட்டியில் அடக்கிக் கொடுத்த ‘லோக்கல் செட்’ மறு புறமுமாக இருந்த காலத்தை அவர்கள் கண்டவர்கள். அன்று ரேடியோப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற சென்னை ரிச்சி தெருவே பின்னர்க் கணிப்பொறிப் பாகங்களுக்கும் பெயர் பெற்றது.

கணிப்பொறியின் வரலாற்றிலும் பொருத்துவதே முன்னே வந்தது. 1975-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியைப் பலர் பாகங்களாகவே தபாலில் பெற்று, ஈயப்பற்று வைத்துத் தாமே முடித்துக்கொண்டனர். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் பெரும்பாலான பாகங்கள் வெளிச் சந்தையில் கிடைப்பவையாகவே இருந்தன. அதனால் பிறரும் அதே அமைப்பில் யந்திரங்களைச் செய்ய முடிந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தது. மதர்போர்டின் திருகாணித் துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்னிணைப்பு எவ்வடிவில் அமைய வேண்டும் என்பன போன்ற சிறு செய்திகளையே அது கூறுகிறது. எனினும், ஒரு நாட்டில் செய்த பலகை மற்றொரு நாட்டில் செய்த பெட்டியில் இன்று தடையின்றிப் பொருந்துகிறதென்றால் அதற்கு அச்சிறு செய்திகளே காரணம். இன்று பொருத்துவதற்கு ஈயப்பற்று வேண்டுவதில்லை. ஒரு திருப்புளி போதும்.

ஆயத்தமாக விற்கப்படும் யந்திரங்கள் எல்லாம் இந்தப் பொது அளவுமுறையைப் பின்பற்றுவதில்லை என்பதே நாம் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய இடம். விளையாட்டுக் கணிப்பொறிகளில் உயர்தரம் எனப் பெயர் பெற்ற ஏலியன்வேர், 1996-இல் மயாமி நகரில் தொடங்கப்பட்டு 2006-இல் டெல் நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் மேசைக் கணிப்பொறிகள் பல, பல ஆண்டுகள் தமக்கே உரிய வடிவிலமைந்த மதர்போர்டுகளுடனும் மின்வழங்கிகளுடனும் வந்தன. வெளியே வாங்கிய பாகம் அவற்றில் பொருந்தாது. வாடிக்கையாளர்கள் இதனைக் குறையாகச் சொல்லிவந்தனர். 2025-இல் வெளிவந்த ‘ஏரியா-51’ மேசைக் கணிப்பொறி பொது அளவுமுறைக்குத் திரும்பியது. பிற நிறுவனங்களிலும் இருவகையும் உண்டு. ஆகவே பிராண்டட் வாங்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதன் வேகத்தைப் பற்றியதன்று: “இதன் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சாதாரண ஏ.டி.எக்ஸ். வகைதானா?” என்பதே.

பிராண்டட் யந்திரத்திற்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை எதற்காக? ஒரு பகுதி பொருத்துகூலி. ஒரு பகுதி விண்டோஸ் உரிமம். ஒரு பகுதி விளம்பரமும் வண்ண விளக்குகளும். எஞ்சியதே சேவை. பழுது நேர்ந்தால் ஒரே தொலைபேசி எண். எந்தப் பாகத்தில் குற்றம் என்று நாம் ஆராய வேண்டுவதில்லை. பணம் கட்டியிருந்தால் பொறியாளரே வீட்டுக்கு வந்து சரிசெய்வார். பட்டணத்தில் இச்சேவை விலை கொடுக்கத் தகுந்ததே. நேரமில்லாதவருக்கும், திருப்புளி பிடிக்க விருப்பமில்லாதவருக்கும் அது பெரிய நிம்மதி. நாம் இதனைச் சொல்லி முடித்ததும், அதுவரை பேசாதிருந்த அம்மையார் கேட்டார்:

“அண்ணாச்சி, பொட்டி கெட்டுப்போச்சுன்னா அதைப் பார்க்க எவன் இந்த மலையேறி வரப்போறான்?”

நாம் சேகரித்து வைத்திருந்த விவரங்கள் அனைத்தும் இவ்வொரு கேள்வியின் முன் சற்றே வெளிறிப்போயின.

உண்மையில் தேவிகுளத்தார்க்கு இக்கேள்வியே முதற்கேள்வி. மேற்கே கொச்சிக்கோ, கிழக்கே போடிமெட்டு வழியாகத் தேனிக்கும் மதுரைக்குமோ இறங்கினாலன்றிப் பெரிய சேவை நிலையம் எதுவும் கிட்டாது. தேவிகுளம் கேப் ரோட்டில் மண்சரிந்து போக்குவரத்து நின்றுபோன மழைக்காலங்கள் பல. வீட்டுக்கு வந்து செய்யும் சேவை என்பது விளம்பரத்தில் நாடு முழுதுக்கும் சொல்லப்பட்டாலும், நடைமுறையில் ஊரின் பின்கோடைப் பொறுத்தது. பணம் செலுத்துமுன், நம் ஊர்ப் பின்கோடைச் சொல்லி, ‘பொறியாளர் இங்கே வருவாரா, அல்லது நாமே பெட்டியை அனுப்ப வேண்டுமா?’ என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுதல் நன்று. வாய்மொழியாக ‘வருவார்’ என்ற உறுதியை நம்பி நாமே ஒருமுறை மூன்று வாரம் காத்திருந்திருக்கிறோம். அந்நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. முடிவில் பெட்டியைத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேற்றிக்கொண்டு நாமே மலையிறங்கினோம்.

அப்பயணத்தில் ஒன்று கற்றோம். விளையாட்டுக் கணிப்பொறி ஒன்று பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதனுள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே ஒரு கிலோவுக்கு மேற்படுவதுண்டு. அது ஒரு சிறு பள்ளத்தில் பக்கவாட்டில் செருகப்பட்டு நிற்கிறது. கொண்டையூசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் அது ஆடுகிறது. சேவை நிலையத்தில் திறந்து பார்த்தபோது, முன்பிருந்த பழுதோடு கார்டு பள்ளத்தை விட்டு நகர்ந்திருந்த புதுப் பழுதும் சேர்ந்திருந்தது. மலைக்கு ஏற்றுமுன் அந்தக் கார்டைக் கழற்றித் தனியே பொதிந்து கொண்டுவருவது நல்லது. நிறுவனமே அனுப்பும் பெட்டியில் உட்புறம் பஞ்சுப் பொதி வைத்திருப்பார்கள்; அதனை எடுத்த பின்னரே யந்திரத்தை இயக்க வேண்டும்.

நாமே பொருத்திய கணிப்பொறியில் பழுது வந்தால் மலையிறங்க வேண்டியது பெட்டி அன்று, பாகம் மட்டுமே. ஒரு ராம் துண்டின் எடை மிகச் சொற்பம்; எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் வெற்றிலையினும் சிறியது. கூரியரில் போட்டால் போய்ச் சேரும். ஒவ்வொரு பாகத்திற்கும் தனித்தனி வாரண்டி உண்டு. பெட்டியில் அடைத்து விற்கப்படும் இன்டெல், ஏ.எம்.டி. ப்ராசஸர்களுக்கு மூன்று ஆண்டுகள், கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள், தரமான எஸ்.எம்.பி.எஸ். ஆயின் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை. முழு யந்திரத்திற்குப் பல நிறுவனங்கள் தருவது ஓராண்டே. மேற்பணம் செலுத்தினால் நீட்டிப்பர்.

வெளிமாநிலங்களில் வாழும் நம் அன்பர்கள் துணைநிற்கக்கூடிய இடமும் இதுவே. பெங்களூர் எஸ்.பி. ரோடு, பம்பாய் லாமிங்டன் ரோடு, தில்லி நேரு பிளேஸ், எர்ணாகுளம் பென்டா மேனகா ஆகிய கடைவீதிகளுக்கு அருகே வாழ்கின்ற தமிழர் பலர். ஊரில் இருக்கும் தம்பிக்கு ஒரு பாகம் பழுதானால், அதனைக் கூரியரில் பெற்று, சேவை நிலையத்தில் கொடுத்து, மாற்றுப் பாகத்தைத் திருப்பியனுப்ப இவர்களால் இயலும். நாம் குறிப்பிட்ட குடும்பத்தில் மூத்த மகன் பெங்களூரில் வேலையிலிருந்தான். தொலைபேசியில் அவனிடம் கேட்டபோது, “மாமா, பாகத்தை அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கொடுத்து வருகிறேன்” என்றான். எந்த நிறுவனமும் விற்காத சேவை ஒன்று அக்குடும்பத்திற்கு அப்பொழுதே கிடைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொருத்தினால் எப்போதும் மலிவு என்ற பழைய நம்பிக்கை இன்று செல்லாது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கிராபிக்ஸ் கார்டுகள் கடையில் கிடைக்கவில்லை. கிரிப்டோ நாணயம் ‘தோண்டுவோர்’ அவற்றை வாரிக்கொண்டதும், சிப் பற்றாக்குறையும் காரணங்கள். கார்டு வேண்டுமென்றால் கார்டோடு கூடிய முழு யந்திரத்தை வாங்குவதே அன்று பலருக்குச் சிக்கனமாயிற்று. 2025-இன் பிற்பகுதியில் ராமின் விலை அவ்வாறே ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணிப்பு நிலையங்கள் உலகின் நினைவகச் சிப்புகளைப் பேரளவில் உட்கொள்ளத் தொடங்கியதே காரணம். மைக்ரான் நிறுவனம் ‘குருஷல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தொழிலையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் மொத்தமாக முன்கூட்டியே வாங்கி வைப்பவை. ஆகவே விலை ஏறும் காலத்தில், அவற்றின் பழைய இருப்பிலுள்ள யந்திரம், அதே பாகங்களைத் தனித்தனியே வாங்குவதைவிட மலிவாகக் கிடைத்தலும் உண்டு. ஒரே நாளில் இரு விலைகளையும் கேட்டுத் தாளில் எதிரெதிரே எழுதிப் பார்ப்பதே வழி. சென்ற ஆண்டு யாரோ சொன்ன விலையைக் கொண்டு முடிவு செய்வதற்கில்லை. தாளில் எழுதும்போது, பிராண்டட் யந்திரத்தில் அடங்கியுள்ள விண்டோஸ் உரிமத்தை மறுபுறம் கூட்டவும் மறவாதிருத்தல் வேண்டும்.

பொருத்துவதற்கு ஓர் உறுதியான நன்மை உண்டு, அது தவணை. கடன்காரனுக்குக் கட்டும் தவணையன்று, நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் தவணை. விளையாட்டுக் கணிப்பொறியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடும். படங்காட்டும் திறனைத் தன்னுள்ளேயே கொண்ட ப்ராசஸர்கள் உண்டு, ஏ.எம்.டி.யின் ரைசன் 5 8600ஜி அத்தகையது. அதனைக் கொண்டு முதலில் யந்திரத்தை அமைத்துவிட்டால், படிப்புக்கும், சித்திரப் பயிற்சியின் தொடக்கத்திற்கும், எளிய விளையாட்டுகளுக்கும் அது போதும். ஓராண்டு கழித்து, மகன் தானே ஈட்டிய பணத்தில் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அம்மையாரின் முகம் தெளிந்தது இச்செய்தியைக் கேட்ட பின்னரே. இளையவன் முகம் சற்று வாடியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனி, பொருத்த முற்படுவோர் கவனிக்க வேண்டியவை. நாம் கண்ட வரையில் பணம் விரயமாவது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில். கேபினெட்டோடு ‘இலவசமாக’ வரும் மின்வழங்கியை விளையாட்டுக் கணிப்பொறிக்குப் பயன்படுத்துதல், மாட்டு வண்டியின் அச்சில் லாரியை ஏற்றுவதற்கு ஒப்பாகும். அது எரியும்போது தான் மட்டும் எரிவதில்லை, உடனிருப்பவற்றையும் கொண்டுபோவதுண்டு. விலையைக் குறைக்க வேண்டுமானால் விளக்குகளில் குறைக்கலாம், கண்ணாடிக் கதவில் குறைக்கலாம். இதில் குறைப்பது தகாது.

ப்ராசஸரை அதற்குரிய குழியில் வைக்கும்போது, ஊசிகள் குழியிலிருப்பினும் ப்ராசஸரின் அடியிலிருப்பினும், அழுத்தமே கூடாது, தானாக அமரவேண்டும். வளைந்த ஊசிக்கு எந்த வாரண்டியும் இல்லை. ராம் துண்டுகள் இரண்டாயின், நான்கு பள்ளங்களில் பொதுவாக இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும்; மதர்போர்டுடன் வரும் சிறு புத்தகத்தில் இது இருக்கும். அப்புத்தகத்தைப் படிப்பவர் மிகச் சிலர். எல்லாம் முடிந்தபின் திரையின் கம்பியை மதர்போர்டில் மாட்டிவிட்டு, ‘இவ்வளவு பணம் போட்டும் வேகமில்லையே’ என்று வருந்துவோரை நாம் பார்த்திருக்கிறோம். கார்டு உள்ள யந்திரத்தில் அக்கம்பி கார்டிலேயே மாட்டப்பட வேண்டும். முதன்முறை பொருத்துவோர்க்கு ஒரு முழு நாள் தேவைப்படும். மின்சாரம் தடைபடாத நாளாகவும், உறவினர் வராத நாளாகவும் அது அமைதல் நலம்.

நாமே பொருத்த அஞ்சுவோர்க்கு நடுவழி உண்டு. பாகங்களை நாமே தேர்ந்து, கடைக்காரரிடமே பொருத்தச் சொல்வது அது. நம் நாட்டில் மிகுதியாக நடப்பதும் அதுவே. கூலியும் சொற்பம். ஆனால் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் தொடரெண்ணும் ஜி.எஸ்.டி. பில்லில் இருத்தல் வேண்டும். ‘கம்ப்யூட்டர் ஒன்று’ என்று ஒரே வரியில் எழுதிய பில்லைக் கொண்டு எந்தப் பாகத்திற்கும் பின்னர் வாரண்டி கோருதல் அரிது. பாகங்கள் வந்த வெறும் பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூரியரில் அனுப்பும் நாளில் அவை உதவும்.

அப்படியானால் பிராண்டட் யாருக்கு? வீட்டில் திருப்புளி எடுக்க ஆளில்லாதவர்க்கும், பட்டணத்திலேயே குடியிருப்போர்க்கும், யந்திரம் ஒரு நாள் நின்றால் வருமானம் நின்றுபோகும் தொழிலுடையோர்க்கும் அதுவே ஏற்றது. வீட்டுக்கே வந்து செய்யும் சேவை தம் பின்கோடுக்கு உண்டென எழுத்தில் பெற்றவர்களுக்கும் தடையில்லை. மலையில் இருப்போர்க்கு அது கிட்டாதபோது, அச்சேவைக்கென விலையில் ஏற்றப்பட்ட பகுதியை அவர்கள் வீணே கொடுக்கிறார்கள். ரெயில் வராத ஊருக்கு ரெயில் டிக்கெட் எடுப்பது போன்றது அது. மூணாற்றுக்கும் ஒரு காலத்தில் சிறு ரெயில் இருந்தது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அதனை அடித்துச் சென்றபின் மீண்டும் போடப்படவேயில்லை.

அக்குடும்பம் பொருத்துவதென்றே முடிவு செய்தது. பாகங்களை மூத்தவன் பெங்களூரில் வாங்கினான். இளையவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்து வீட்டுக் கட்டிலின் மேல் அவற்றைப் பரப்பிப் பொருத்தினான். முதலில் இயங்கவில்லை. இரண்டு மணி நேரத் தேடலுக்குப் பின், ப்ராசஸருக்குத் தனியே செல்லும் மின்கம்பியை மாட்ட மறந்தது தெரிந்தது. அதை அவனே கண்டுபிடித்தான். இனி அந்தப் பெட்டியில் என்ன நேர்ந்தாலும் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அவன் அறிவான். மலையேறி வரவேண்டிய மெக்கானிக் அவ்வீட்டிலேயே இருக்கிறான்.

மலைவாசம் பற்றிய சில செய்திகள் எஞ்சியுள்ளன. மூணாற்றுப் பகுதி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது; அங்கே காற்றழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஆறில் ஐந்து பங்கே. காற்று மெலிந்திருப்பதால் விசிறி வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறன் சிறிது குறையும். ஆயினும் காற்றே குளிர்ந்திருப்பதால் அக்குறை ஈடாகிவிடுகிறது. பெருந்தொல்லை குளிர் அன்று, ஈரம். அடுப்பின் நீராவியும் மழைக்கால மூடுபனியும் சேரும் ஒற்றையறை வீட்டில், குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின்மீது நீர் படியும். யந்திரத்தைச் சமையலிடத்திற்கு எதிர்ச்சுவரில், தரையினின்று உயர்த்தி வைத்து, அடைமழை நாட்களிலும் தினம் சிறிது நேரமாவது இயக்கிவருவது நல்லது.

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், 1940 முதல் இம்மலையிலேயே மின்சாரம் விளைவிக்கிறது. எனினும் காற்றில் மரம் சாய்ந்தால் இருளில் மூழ்குவதில் மலைவாசிகளுக்கு யாதொரு சலுகையும் இல்லை. ஆகவே யு.பி.எஸ். அவசியம். கடையில் பொதுவாக எடுத்துக்கொடுக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரையே தாங்கும். கார்டு சேர்த்த யந்திரம் விளையாட்டின்போது அதனைக் கடந்துவிடும். மின்சாரம் நின்ற கணத்தில் யு.பி.எஸ்.ஸும் சேர்ந்து நின்றுவிடும். வி.ஏ. எண்ணைப் பாராது வாட் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டின் எர்த் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கியவுடன், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். இணைய மோடத்திலிருந்து கணிப்பொறிக்கு வரும் கம்பியையும் உடனே கழற்றுதல் வேண்டும். பிளக்கைப் பிடுங்கியவர்கள் பலரும் மறப்பது அந்தக் கம்பியையே.